கோபோடூல்பாக்ஸ்: வடசென்னை நிவாரணக் குழுக்கள் ஒரே கணக்கில் சேர உதவுமா?

வெள்ளத்தின் மூன்றாம் நாள் வடசென்னையில் பெரும்பாலும் இப்படித்தான் போகும். மெயின் ரோட்டை ஒட்டிய தெருவில் பிரட்டும் பாலும் நான்கு வண்டியில் வந்து இறங்கும். உள்ளே இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. யாருக்கும் மனமில்லாமல் இப்படி நடப்பதில்லை. சங்கம், சர்ச், ஜமாஅத், கல்லூரி மாணவர் குழு, தொண்டு நிறுவனம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்றின் பட்டியல் இன்னொன்றோடு ஒட்டாது. 2015 டிசம்பரில் கூகுள் ஷீட்டிலும் வாட்ஸ்ஆப்பிலும் ஒரே உதவிக் கோரிக்கை ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. முடிந்துபோன கோரிக்கைக்கும் படகு போனது.

இந்தச் சிக்கலுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் கருவி கோபோடூல்பாக்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பணி ஆய்வு மையத்தில் பிறந்தது. இப்போது கோபோ என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. ஓப்பன் சோர்ஸ். ஐ.நா. அமைப்புகள் முதல் சின்னத் தொண்டு நிறுவனங்கள் வரை களக் கணக்கெடுப்புக்கு எடுக்கிற கருவி இது. மூன்று பகுதிகள்: ஃபார்ம் தயாரிக்கவும் தரவைப் பார்க்கவும் ஓர் இணையதளம், களத்தில் பதிய கோபோகலெக்ட் என்ற ஆண்ட்ராய்டு ஆப், ஐபோன்காரர்களுக்கும் கம்ப்யூட்டரில் பதிகிறவர்களுக்கும் பிரவுசரில் திறக்கும் வெப் ஃபார்ம்.

ஃபார்ம் நன்றாக வேலை செய்கிறதா என்பது இங்கே முக்கியக் கேள்வி இல்லை. நன்றாகவே வேலை செய்கிறது. நான்கு குழுக்கள் இதை எடுத்தால் நான்கு கணக்கும் ஒரே கணக்காகச் சேருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேறு நாடுகளில் பெரிய பேரிடர் என்றால் இதற்கென ஓர் ஏற்பாடு இறங்கும். உலக உணவுத் திட்டம் தலைமை தாங்கும் அவசரகாலத் தொலைத்தொடர்பு அணி, எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான இணைய வசதியைப் போட்டுக் கொடுக்கும். ஓச்சா எனப்படும் ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் தரவைச் சேர்த்து, 2014 முதல் நடத்திவரும் பொதுத் தரவுத் தளத்தில் போடும். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி இந்தப் பணி அரசின் கையில் இருக்கிறது. மாநகராட்சியின் 1913, மாவட்டத்தின் 1077, மாநிலத்தின் 1070 என்ற எண்களுக்குப் பின்னால் அரசின் பதிவு முறை ஓடும். அதற்கு வெளியே வேலை செய்யும் தன்னார்வக் குழுக்களின் தரவை ஒட்டவைக்க யாரும் வரமாட்டார்கள். குழுக்களே செய்துகொண்டால்தான் உண்டு.

முதலில் செலவு. இலவசத் திட்டத்தில் இப்போது மாதத்துக்கு 5,000 பதிவு, ஃபைல்களுக்கு 1 ஜிபி. பதிவு எந்தக் குழுவிலிருந்து வந்தாலும் ஃபார்மின் உரிமையாளர் கணக்கில்தான் கழியும். பத்துக் குழு, குழுவுக்கு நாளொன்றுக்கு 50 குடும்பம் என்றால் பத்தே நாளில் 5,000 தீர்ந்துவிடும். 1 ஜிபி அதைவிட வேகமாகத் தீரும். இன்றைய போன்கள் எடுக்கும் ஒரு படம் சுமார் 4 எம்பி என்று வைத்தால் 250 படத்தோடு இடம் முடிந்தது. அதனால் ஃபார்மிலேயே படத்தின் அளவை 1,024 பிக்சலுக்குக் கட்டிவிடுங்கள். ஆப்பின் செட்டிங்கிலும் இதைச் செய்யலாம், ஆனால் 30 போனில் தனித்தனியாக மாற்ற வேண்டிவரும். சிதைந்த கூரையும் தண்ணீர்க் கறையும் தெரிய 1,024 பிக்சல் போதும். டவர் இல்லாத இடத்தில் சின்னப் படம்தான் சீக்கிரம் மேலேறும்.

இன்னொன்று, கணக்கு தொடங்கும் முன்பே முடிவாக வேண்டும். கோபோவுக்கு இரண்டு பொது சர்வர்கள்: உலகளாவியது ஒன்று, ஐரோப்பியது ஒன்று. ஒன்றில் தொடங்கிய கணக்கு மற்றதில் திறக்காது. ஒரு சர்வரில் இருக்கும் ஃபார்மை மற்ற சர்வரின் கணக்குக்குப் பகிரவும் முடியாது. ஒரு குழு இதிலும் மற்றது அதிலுமாகத் தொடங்கிவிட்டால், கடைசியில் எக்ஸெல்லை மெயிலில் அனுப்பிக்கொள்ளும் பழைய நிலைதான். கூடிப் பேசும் முதல் நாளே ஒரு சர்வரைத் தீர்மானித்து எழுதி வையுங்கள்.

ஊர்ப் பட்டியல்

கோபோவின் பலம் முழுக்க எக்ஸெல்லில் ஃபார்ம் எழுதும் முறையில் இருக்கிறது. எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்பார்கள். கேள்விகளுக்கு ஒரு தாள், விடைப் பட்டியலுக்கு ஒரு தாள், செட்டிங்குக்கு ஒரு தாள். அந்த விடைப் பட்டியல் தாளைத்தான் எல்லாக் குழுக்களும் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஃபார்ம் வேறு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டியல் ஒன்றாக இருந்தால் தரவு சேரும். பட்டியல் வேறானால், ஃபார்ம் அச்சு அசலாக இருந்தாலும் சேராது.

வடசென்னைக்கு இந்தப் பட்டியல் இப்படி அமையும். மண்டலம் ஆறு: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். வார்டு 1 முதல் 78 வரை. மண்டலத்தைத் தொட்டால் அதன் வார்டு மட்டும், வார்டைத் தொட்டால் அதன் பகுதிகள் மட்டும் வரும்படி அமைக்கலாம். கோபோ இதைப் பிழையில்லாமல் செய்கிறது. வார்டு எண்ணைக் கையால் அடிக்க விடாதீர்கள். 2011 விரிவாக்கத்தில் 155 வார்டு 200 ஆனபோது எண்கள் மாறின. திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் அதற்கு முன் தனி நகராட்சிகள். பெரியவர்கள் இன்றும் பழைய எண்ணைச் சொல்வார்கள், அது இன்று வேறோர் இடத்தின் எண்.

வார்டுக்குக் கீழே பகுதிப் பெயர். சிக்கல் உண்மையில் தொடங்குவது இங்கேதான். காந்தி நகர், அண்ணா நகர், இந்திரா நகர் என்ற பெயர்கள் எத்தனை வார்டில் உண்டு என்று பாருங்கள். ‘சுனாமி குடியிருப்பு’, ‘ஹவுசிங் போர்டு’ என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறார்கள் என்றே தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் வார்டு எண்ணோடு சேர்ந்த ஒரு குறியீடு கொடுத்துவிட்டு, திரையில் மக்கள் சொல்லும் பெயரைத் தமிழில் காட்டுங்கள். குறியீட்டில் இடைவெளி வரக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியில் கோபோ விடைகளை இடைவெளியால்தான் பிரிக்கும், குறியீட்டுக்குள்ளேயே இடைவெளி இருந்தால் ஒரு விடை இரண்டாக உடையும். சடையங்குப்பம், பர்மா நகர், மணலி புதுநகர், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் போன்ற ஓரப் பகுதிகளைப் பட்டியலில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத ஊர் ‘மற்றவை’யில் போய் விழும். ‘மற்றவை’யை எண்ணிப் பார்த்து யாரும் வண்டி அனுப்புவதில்லை.

சர்வதேச அமைப்புகள் இதே வேலைக்கு ஹெச்எக்ஸ்எல் என்ற முறையை வைத்திருக்கின்றன. எக்ஸெல்லின் தலைப்பு வரிக்குக் கீழே இன்னொரு வரி. எது இடம், எது அமைப்பு, எது பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை என்பதை ஹேஷ்டேக்கால் சொல்லும். தலைப்பைத் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் ஹேஷ்டேக் ஒன்றாக இருப்பதால் ஒட்டிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் பத்துக் குழுக்கள் அளவில் பொதுவான கேள்விப் பெயர்களே போதும். வெளி அமைப்புக்குத் தரவு தர வேண்டிவந்தால் அப்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே குடும்பம் இரண்டு முறை

கோபோ தானாக டூப்ளிகேட் கண்டுபிடிக்காது. இதுதான் இந்தக் கருவியின் பெரிய குறை. ஃபார்ம் தயாரிப்பவர்தான் அதற்கு வழி செய்ய வேண்டும்.

வீட்டு எண்ணை நம்பக் கூடாது. சென்னையில் ஒவ்வொரு கதவுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. ஒரு குழு பழையதை எழுதும், இன்னொன்று புதியதை எழுதும். ஒரே கதவுக்குள் மூன்று குடித்தனம் இருக்கும். அதனால் கணக்கெடுப்பின் அலகு குடித்தனம்தான் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். வீடு, ரேஷன் கார்டு, குடித்தனம் மூன்றும் மூன்று விதமான எண்ணிக்கை தரும். ஒரு குழு கார்டையும் மற்றது குடித்தனத்தையும் எண்ணினால், மளிகைப் பையின் கணக்கு முதல் நாளே இடிக்கும்.

அடையாளச் சாவி ஒன்று வேண்டும், அதாவது ஒரு குடும்பத்தை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் குறியீடு. மொபைல் எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டும் போதாது. 300 குடும்பம் உள்ள பகுதியில் கடைசி 4 இலக்கம் தற்செயலாகவே பொருந்தும் ஜோடிகள் நான்கைந்து வரும். உண்மையான இரண்டு குடும்பங்களில் ஒன்று டூப்ளிகேட் என்று கழிந்துபோகும். மொபைலின் கடைசி 4, ஸ்மார்ட் ரேஷன் கார்டின் கடைசி 4, பகுதிக் குறியீடு, இந்த மூன்றையும் ஒட்டினால் தற்செயல் பொருத்தம் அநேகமாக இருக்காது. கார்டு இல்லாதவர்களுக்கு நான்கு பூஜ்யம் போட்டு, தனிக் கேள்வியில் ‘கார்டு இல்லை’ என்று குறியுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களும் வாடகைக்கு வந்தவர்களும் இந்த வரிசையில்தான் வருவார்கள். இவர்களை மட்டும் மாலையில் ஒருவர் உட்கார்ந்து கண்ணால் சரிபார்க்க வேண்டும். ஆதாரை எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். பிரட் கொடுக்க ஆதார் தேவையில்லை.

மீனவர் பகுதிக்கு வேறு கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது அங்கே இழப்பு படகிலும் வலையிலும்தான். வீட்டு வெள்ளத்துக்கான ஃபார்மைக் காட்டுக்குப்பத்தில் நீட்டினால் ‘வீட்டில் தண்ணீர் எவ்வளவு’ என்றுதான் கேட்கும். ஒரு ஃபைபர் படகில் இரண்டு மூன்று குடும்பத்துக்குப் பங்கு இருக்கலாம், குடும்பம் குடும்பமாகக் கேட்டால் ஒரே படகு மூன்றாகப் பதிவாகும். இங்கே சாவி படகின் பதிவு எண். படகுக்குத் தனி ஃபார்ம் போட்டு, அதற்குள் பங்குதாரர்களைத் திரும்பத் திரும்பச் சேர்க்கும் பகுதியாக வையுங்கள்.

ஒரு குழு பதிந்ததை இன்னொரு குழு களத்திலேயே பார்க்க வழி உண்டா? உண்டு. ஒரே சர்வரில் இருக்கும் இரண்டு ஃபார்ம்களை இணைத்து, ஒன்றின் தரவை மற்றொன்று படிக்கும்படி செய்யலாம். சாவியை அடித்ததும் ‘இந்தக் குடும்பத்துக்கு நேற்று போர்வை கொடுத்தாயிற்று’ என்று திரையில் வரும். எந்தக் கேள்விகளை மட்டும் பகிர்வது என்பதையும் உரிமையாளர் தேர்ந்தெடுக்கலாம். பெயரை மறைத்து, சாவியையும் கொடுத்த பொருளையும் மட்டும் தரலாம். இந்த வசதிக்கு முழு மதிப்பெண் தரத் தோன்றுகிறது. ஆனால் புதிய தரவு போனுக்கு வர இணையம் வேண்டும், ஃபார்மையும் புதுப்பிக்க வேண்டும். டவர் செத்த பகுதியில் காலையில் இறக்கிய தரவோடுதான் நாள் முழுக்க ஓட்டியாக வேண்டும். காலை 7 மணிக்கு டவர் இருக்கும் இடத்தில் எல்லாப் போனையும் ஒரு முறை புதுப்பித்துவிட்டு உள்ளே போவதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

யார் எதைப் பார்க்கலாம்

அனுமதிகள் நுணுக்கமாக இருக்கின்றன. ஒருங்கிணைப்புக்காகத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி அதன் பெயரில் ஃபார்மை வையுங்கள். எந்த ஒரு குழுவின் கணக்கிலும் வைக்காதீர்கள், அந்தக் குழு விலகினால் தரவும் கூடவே போகும். ஒவ்வொரு குழுவுக்கும் பதிவு சேர்க்கும் உரிமையும், தங்கள் ஆட்கள் பதிந்ததை மட்டும் பார்க்கும் உரிமையும் போதும். முழுவதையும் பார்த்து, ஒவ்வொரு பதிவையும் ‘ஏற்கப்பட்டது’, ‘நிறுத்தி வைப்பு’ என்று குறிக்கும் உரிமை மூன்று பேருக்கு இருக்கட்டும். ஒருவர் தூங்கினாலும் வேலை நிற்காது.

கடவுச்சொல் இல்லாமலே பதிவை ஏற்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் பலர் அதைத் திறந்துவிடுவார்கள். அந்த லிங்க் வாட்ஸ்ஆப்பில் போனதும் ஊரே தானாகப் பதியத் தொடங்கும், எது சரிபார்த்த பதிவு என்றே பிரிக்க முடியாது. மூடியே வையுங்கள். பொதுமக்கள் தாங்களே பதிய வேண்டுமென்றால் அதற்குத் தனி ஃபார்ம் போடுங்கள்.

30 போனில் சர்வர் முகவரியையும் கணக்கையும் கையால் அடிப்பது வீண் வேலை. ஒரு போனில் எல்லா செட்டிங்கையும் முடித்து, அதன் க்யூஆர் கோடை மற்ற போன்களில் ஸ்கேன் செய்தால் போதும்.

களத்தில் தவறுவது

ஃபார்ம் ஓடத் தொடங்கிய பிறகு கேள்வியின் உள்பெயரை, அதாவது திரையில் தெரியாமல் தரவில் அந்தக் கேள்வியைக் குறிக்கும் பெயரை மாற்றினால், எக்ஸெல்லில் அது இரண்டு நெடுவரிசையாகப் பிரிந்து வரும். பழைய விடை ஒரு பக்கம், புதியது இன்னொரு பக்கம். திரையில் தெரியும் சொற்களை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், உள்பெயரைத் தொடக் கூடாது. புதுக் கேள்வி தேவையென்றால் சேருங்கள், பழையதை நீக்காதீர்கள். போன்களில் பழைய ஃபார்மே ஓடிக்கொண்டிருக்கும் ஆபத்தும் உண்டு. ஆப்பில் ஃபார்ம் புதுப்பிப்பு முறையை ‘சர்வரோடு அப்படியே ஒத்துப்போ’ என்ற தேர்வில் வைத்துவிட்டால் இது குறையும்.

பதிவு முடிந்து ‘அனுப்பத் தயார்’ வரிசையில் நின்றுவிடும். தன்னார்வலர் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் போன் தண்ணீரில் விழும், அல்லது இடம் போதவில்லை என்று ஆப்பை நீக்கிவிடுவார். அந்த வேலை முழுக்கப் போயிற்று. தானாக அனுப்பும் வசதியை வைஃபை, மொபைல் டேட்டா இரண்டுக்கும் திறந்து வையுங்கள். அதோடு மாலையில் ஒவ்வொரு போனிலும் ‘அனுப்பியவை’ எண்ணிக்கையைக் கேட்டு எழுதி, கூட்டிப் பார்த்து, சர்வரில் வந்திருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துவரும்வரை அன்றைய கணக்கு முடியவில்லை. வெப் ஃபார்மில் இணையமில்லாமல் பதிகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பிரவுசரின் சேமிப்பைத் துடைத்தால் அனுப்பாத பதிவும் அழியும்.

ஜிபிஎஸ் கேள்வியைக் கட்டாயமாக்காதீர்கள். டேட்டா இல்லாதபோது செயற்கைக்கோளைப் பிடிக்கவே சில நிமிடம் ஆகும். புளியந்தோப்பின் நெருக்கமான சந்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவில் 20, 30 மீட்டர் தள்ளித்தான் காட்டும். அடுக்குமாடியில் நான்கு மாடிக்கும் ஒரே புள்ளி விழும். பிளாக் எண், மாடி, கதவு எண் மூன்றும் ஜிபிஎஸ்ஸைவிட உதவும். திறந்த வெளியான மணலி, எண்ணூர் பக்கம் மட்டும் ஜிபிஎஸ் உருப்படியாக வேலை செய்யும்.

தண்ணீரின் ஆழத்தைச் சென்டிமீட்டரில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, அதற்கு மேல் என்று நான்கு விடை வையுங்கள். பதிகிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் ஒரே அர்த்தம். தேவைகளை எழுத விடாமல் தொட வையுங்கள். எழுத விட்டால் ‘பால்’, ‘பால் பவுடர்’, ‘பேபி ஃபுட்’ என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும். குழந்தைக்கான பால் பவுடர், நாப்கின், இன்சுலின், டயாலிசிஸ், கர்ப்பிணி இவற்றுக்குத் தனித்தனிக் கேள்வி இருக்கட்டும். மொத்தம் 15 கேள்விக்கு மேல் போனால், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒருவரை நிறுத்தி வைத்துக் கேட்பது நியாயமில்லை.

தரவை இறக்கும்போது இரண்டு விஷயம். கோபோவின் சிஎஸ்வி கோப்பு அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். அதை எக்ஸெல்லில் நேராகத் திறந்தால் தமிழ் எழுத்துகளும் உருக்குலைந்து வரலாம். எக்ஸெல் வடிவிலேயே இறக்குங்கள். கூடவே, திரைப் பெயர்களை விட்டுவிட்டு உள்பெயர்களோடு இறக்கும் தேர்வை எல்லாக் குழுவும் எடுக்க வேண்டும். ஒருவர் தமிழ்த் தலைப்பிலும் மற்றவர் ஆங்கிலத் தலைப்பிலும் இறக்கினால், ஒரே ஃபார்மிலிருந்து வந்த இரண்டு கோப்புகளே ஒட்டாது.

போனின் பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. 10,000 எம்ஏஹெச் என்று எழுதியிருக்கும் பவர் பேங்க் போனுக்குத் தருவது ஏறக்குறைய 6,000தான். 5,000 பேட்டரி உள்ள போனை ஒரு முறை நிரப்பி, கொஞ்சம் மிஞ்சும். இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கு இதனால்தான் உதைக்கும்.

மாற்றுக் கருவிகள் உண்டு. கூகுள் ஃபார்ம் எளிது, ஆனால் இணையமில்லாமல் ஓடாது, அதன் ஷீட் லிங்க் கைமாறுவதைத் தடுப்பதும் கடினம். கோபோகலெக்ட்டுக்கே மூலமான ஓடிகே சிறந்தது, ஆனால் சொந்த சர்வரைப் பராமரிக்க ஆள் வேண்டும், இல்லையென்றால் கட்டணம் கட்ட வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா, முகாம், கையிருப்பு, காணாமல்போனோர் என்று எல்லாவற்றையும் கையாளும். ஒரு மாவட்ட அளவுக்குத்தான் அது பொருந்தும். பத்துக் குழுக்களுக்கு கோபோவே சரி. கணக்கெடுப்புக்கு 5க்கு 4.5, குழுக்களுக்கிடையே பகிர்வுக்கு 3.5, டூப்ளிகேட் பிடிப்பதற்கு 1.

பாதுகாப்பில் மட்டும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஃபார்மை முழுக்க என்கிரிப்ட் செய்யும் வசதி, அதாவது சாவிக் கோப்பு உள்ளவர் மட்டும் படிக்கும்படி பூட்டும் வசதி, கோபோவில் இருக்கிறது. செய்தால் இணையதளத்தில் பதிவைத் திறந்து பார்க்க முடியாது, வரைபடம் வராது, ஃபார்ம்களை இணைத்துப் பகிரவும் முடியாது. செய்யாவிட்டால் கடவுச்சொல் தெரிந்தவர் எல்லாவற்றையும் பார்ப்பார். 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சர்வரில் ஊடுருவல் நடந்து 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரம் வெளியார் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்த நிலை என்றால் இங்கே நிலைமையைச் சொல்ல வேண்டாம். அதனால் ஃபார்மை இரண்டாக்குங்கள். பெயரில்லாமல் சாவி, பகுதி, தேவை, கொடுத்த பொருள் மட்டும் உள்ள ஃபார்ம் எல்லாக் குழுவுக்கும் பொதுவாக இருக்கட்டும். நோய் விவரம், முழு மொபைல் எண், தனியாக இருக்கும் பெண்கள் பற்றிய குறிப்பு இவையெல்லாம் என்கிரிப்ட் செய்த இரண்டாவது ஃபார்மில் போகட்டும். அதைத் திறக்கும் சாவிக் கோப்பு தொலைந்தால் கோபோவாலும் அந்தத் தரவை மீட்டுத்தர முடியாது. இரண்டு பென் டிரைவில் நகலெடுத்து, இரண்டு வேறு பகுதிகளில், தண்ணீர் ஏறாத மாடி வீடுகளில் வையுங்கள்.